ஓட்டையில்லாத வீடு

பாக்கியநாதனுக்கு வயது ஐம்பத்தாறு. அவருடைய கோபத்துக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதல் என்று கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அவருக்குக் கீழே வேலை பார்த்த எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். மீன் வண்டி, பால் வண்டி, ஐஸ்கிரீம் வண்டி ஆகியவற்றின் முதுகில் குளிர்ப்பெட்டி கட்டுகிற பட்டறையில் அவர் மேஸ்திரி. பழவேற்காட்டு இறால் ஐதராபாத் போய்ச் சேரும்வரை ஐஸ் கரையாமல் இருந்தால் அது அவர் கட்டிய பெட்டி. கரைந்துவிட்டால் டிரைவர் கதவைச் சரியாகச் சாத்தவில்லை என்று அர்த்தம். இதில் அவருக்குச் சந்தேகமே வந்தது கிடையாது.

அப்படிப்பட்டவரை வீட்டில் மட்டும் யாரும் எதையும் கேட்பதில்லை. ஒரே மகள் மெர்சி. அவள் நர்சிங் படித்ததும், அன்புசெல்வனைக் கல்யாணம் செய்துகொண்டதும், அவனோடு கனடாவுக்குக் கிளம்பியதும் எல்லாம் முடிவான பிறகுதான் அவர் காதுக்கு வந்தன. "நைனா, ஒரு விசயம்" என்று அவள் ஆரம்பித்தாலே, எதுவோ முடிந்துபோய்விட்டது என்று அவருக்குப் புரிந்துவிடும். வெளியே காட்டிக்கொள்ள மாட்டார். மனசுக்குள் அது ஒரு ஆறாத புண்.

அந்த மெர்சிதான் ஒரு புரட்டாசிக் காலையில் மூன்று வீடியோக்களை அனுப்பி, "இதுல எது வாங்கலாம், நீயே சொல்லு நைனா" என்று கேட்டாள்.

வாங்கப்போவது வீடு. ஆனால் அந்த வீட்டுக்குச் சக்கரம் இருந்தது.

மனைவி ரோசம்மாளுக்கு வந்ததே கோபம். அடுப்பில் இருந்த இட்லிப் பானையை அப்படியே விட்டுவிட்டு வந்து போனைப் பிடுங்கினாள்.

"இன்னாடி இது, வண்டியில குடித்தனமா? கைக்கொழந்தைய வச்சிக்கினு சர்க்கஸ்காரன் மாதிரி தெருத்தெருவா போவப் போறீங்களா? சர்ச்சுல யாராவது கேட்டா நான் இன்னான்னு சொல்லுவேன்?"

"எங்கயும் போவ மாட்டோம்மா. ஒரே எடத்துல நிறுத்திட்டு அதுலயே இருப்போம். இங்க வாடகை ஏறிக்கினே போவுது, கட்டுப்படி ஆவல. எங்ககூட வேலை செய்றவங்க நெறைய பேரு இப்படித்தான் இருக்காங்க. பனிக்காலம்தான் கஷ்டம். மைனஸ் முப்பது, முப்பத்தஞ்சு போவும். அதாம்மா நைனாவ கேக்கறேன். குளிரப் பத்தி நைனாவுக்குத் தெரியாததா?"

கடைசி வாக்கியம் பாக்கியநாதனுக்குள் தேனாக இறங்கியது. போனை மனைவியிடமிருந்து வாங்கி, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, நாஷ்டா கூடச் சாப்பிடாமல் பட்டறைக்குக் கிளம்பிவிட்டார்.

பட்டறையில் தணிகைவேல்தான் அவருக்கு வலது கை. நெல்வயலைத் தம்பியிடம் விட்டுவிட்டு வெல்டிங் வேலைக்கு வந்தவன், நாற்பது வயது, பேச்சு குறைவு. அவனை உட்காரவைத்து மூன்று வீடியோவையும் போட்டுக் காட்டினார்.

"இதப் பாருடா. காட்டுப்பள்ளி ஹார்பருக்கு கன்டெய்னர் இழுத்துக்கினு போவுதே டிரெய்லரு, அதே மாதிரிதான். இழுக்கற வண்டி முதுவுல கிரீஸ் பூசின வட்டத் தட்டு இருக்குமில்ல, ஃபிப்த் வீலு? அதுல வந்து மாட்டிக்கும். நாம ஏத்தறது இரும்பு. அவன் ஊட்டையே ஏத்தறான்."

"படுக்கையறை, சமையல்கட்டு எல்லாம் இருக்குதே மேஸ்திரி."

"இருக்கும்டா. கனடாடா அது."

முதல் வண்டியில் சுவருக்குச் சுவர் பெரிய ஜன்னல், மெத்து மெத்தென்று சோபா, பார்க்க ஓட்டல் மாதிரி. அதை அவர் உதட்டைப் பிதுக்கித் தள்ளிவிட்டார். இரண்டாவது வண்டியைத்தான், அங்கே பல பனிக்காலம் வண்டியிலேயே கழித்தவர்கள் சிபாரிசு செய்ததாக மெர்சி சொல்லியிருந்தாள். தண்ணீர்த் தொட்டியும் குழாய்களும் தரைக்கு அடியில் மூடிய அறைக்குள் இருந்தன. ஹீட்டரின் வெப்பம் அங்கேயும் போகுமாம், உறையாதாம். அதுவரைக்கும் அவருக்குப் பிடித்திருந்தது. ஆனால் கூரையில் மூன்று இடத்தில் திறந்து மூடுகிற ஓட்டை. ஒன்றில் காற்றாடி வேறு சுற்றியது.

"குளிருக்கு வண்டி கட்டிட்டு மண்டையில ஓட்டை போட்டு வச்சிருக்கான் பாரு, பைத்தியக்காரன்" என்று சிரித்தார்.

மூன்றாவது வண்டி அழகில்லாதது. சின்ன ஜன்னல், தடித்த சுவர். கதவைச் சாத்தும்போது ரப்பர் விளிம்பு 'பொத்' என்று கவ்வுகிற சத்தம் வீடியோவிலேயே கேட்டது. அந்தச் சத்தம் போதும் அவருக்கு. இதிலும் கூரையில் இரண்டு ஓட்டை இருந்தது. அதனாலென்ன, அடைத்துவிட்டால் போகிறது.

"மூணாவது" என்று மகளுக்குச் சொன்னார். "கண்ண மூடிக்கினு வாங்கு."

அவள் வாங்கினாள். அன்புசெல்வனுக்கு இரண்டாவதுதான் பிடித்திருந்தது என்பதையும், நைனா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவனிடம் வாதாடி ஜெயித்ததையும் அவளே பெருமையாகச் சொன்னாள். பாக்கியநாதனுக்கு அன்று தலைகால் புரியவில்லை. பக்கத்து ஆரணிக்குப் போய் ஆட்டுக்கறி வாங்கிவந்து மனைவியிடம் கொடுத்தார். வண்டியில குடித்தனம் பண்றதுக்கு விருந்து வேறயா என்று திட்டிக்கொண்டேதான் ரோசம்மாள் சமைத்தாள். குழம்பு என்னவோ நன்றாகத்தான் இருந்தது.

பனி விழ ஆரம்பித்ததும் தினமும் காலையில் போன் வரும். இங்கே விடிந்தால் அங்கே முந்தின நாள் இரவு. அன்புசெல்வன் ஒரு கிடங்கில் ராத்திரி ஷிப்டுக்குப் போயிருப்பான். மெர்சி ஒன்பது மாதக் குழந்தை ஏஞ்சலினை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிக் காட்டுவாள். பாக்கியநாதன் இங்கிருந்தபடியே வேலை வாங்குவார். கூரை ஓட்டை இரண்டுக்கும் ஃபோம் வெட்டி அழுத்தச் சொன்னார். அதன்மேல் வெள்ளி டேப் ஒட்டச் சொன்னார். சமையல் அடுப்புக்கு மேலே புகை போகிற வழியை அடைத்தாயிற்று. கதவுக்கு அடியில் இருந்த நூலிழை இடைவெளிகூடப் போயிற்று. அவள் ஒவ்வொன்றாகச் செய்து வீடியோ அனுப்புவாள். அவர் அதைத் தணிகைவேலிடம் காட்டி, "எம் பொண்ணு என்னாட்டமே வேலை செய்யுது பாரு" என்பார்.

பிறகு சுவரில் தண்ணீர் வடிய ஆரம்பித்தது.

"ஜன்னலோரம் எல்லாம் சொட்டுது நைனா. மெத்தைக்கு அடியில ஈரமா இருக்குது. மூலையில கறுப்பா பூஞ்சை வேற."

அவருக்கு இதைக் கேட்டதும் நிம்மதிதான் வந்தது. ஏனென்றால் இது அவருக்கு அத்துப்படியான வியாதி. குளிர்ப்பெட்டிக்குள் வேர்க்கிறது என்றால் எங்கோ இடுக்கு வழியாக வெளிக்காற்று நுழைகிறது. இடுக்கைத் தேடு, அடை. இத்தனை வருஷமாக அவர் கொடுத்துவந்த மருந்து இது ஒன்றுதான், ஒரு தடவையும் பொய்த்ததில்லை.

"எங்கியோ ஓட்டை இருக்குதும்மா. நல்லா தேடு. ஒண்ணு வுடாத."

அவள் தேடினாள், அடைத்தாள். தண்ணீர் அதிகமாயிற்று. இன்னும் தேடச் சொன்னார். ஹீட்டர் போதவில்லை என்றாள். கேஸ் அடுப்பைச் சின்னதாக எரியவிடச் சொன்னார், பால் காய்ச்சுகிற மாதிரி. அது இதமாக இருந்தது என்றாள். கூரையடியில் ஒரு வெள்ளை டப்பா அடிக்கடி கீச்சென்று கத்தி, தூங்குகிற குழந்தையை எழுப்புகிறது என்றாள். பட்டறையிலும் வண்டிகளில் குளிர் அலாரம் காரணமில்லாமல் கத்திப் பேஜாரு பண்ணும். ஒயரைப் பிடுங்கிவிட்டுத்தான் இவர்கள் வேலையைப் பார்ப்பார்கள்.

"குளிர்ல அதுங்களுக்குக் கிறுக்குப் புடிச்சிரும்மா. பேட்டரியக் கழட்டி வச்சிடு."

கழற்றி வைத்தாள்.

தை மாதம். காலை வெயில் பட்டறைத் தகரத்தில் ஏறாத நேரம். புதிதாகக் கட்டி முடித்த இறால் வண்டிப் பெட்டிக்கு லைட் டெஸ்ட் பார்க்க வேண்டியிருந்தது. ஒரு ஆள் உள்ளே போய் நிற்பான். கதவை வெளியே தாழிட்டு, இன்னொருவன் பெரிய விளக்கை மூட்டு மூட்டாகக் காட்டிக்கொண்டு வருவான். இருட்டுக்குள் நிற்பவனுக்கு எங்காவது ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தால் அங்கே ஓட்டை. வழக்கமாக உள்ளே போகிறவன் அன்று லீவு. பாக்கியநாதனே போனார்.

தணிகைவேல் விளக்கோடு ஒரு சுற்று வந்தான். ஒரு பொட்டு வெளிச்சம் உள்ளே வரவில்லை. இரண்டாவது சுற்றுக்கு நடுவில் ஆபீசிலிருந்து கூப்பிட்டார்கள் என்று அவன் அப்படியே போய்விட்டான். "இதோ வரேன் மேஸ்திரி" என்று அவன் கத்தியது தடித்த சுவரைத் தாண்டி இவருக்குக் கேட்கவில்லை.

அவர் மூலைகளில் முகத்தை ஒட்டி வைத்து வெளிச்சத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தார். ஒரு மூலை, அடுத்த மூலை. நேரம் போயிற்று. நெற்றி வேர்த்தது, மூச்சு கனத்தது. வெள்ளைத் தகட்டைக் கையால் தடவினார். ஈரம். கைபேசி வெளிச்சத்தைப் போட்டுப் பார்த்தார். அவர் முகம் வைத்த இடமெல்லாம் தகடு நனைந்து, ஒரு சொட்டு கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

ஓட்டை எங்கே என்றுதான் முதலில் தேடினார். பழக்கதோஷம். இந்தப் பெட்டியில் ஓட்டையே இல்லை என்று இப்போதுதானே பார்த்து முடித்தார்? ஐஸும் இல்லை, இறாலும் இல்லை. பிறகு எங்கிருந்து வந்தது தண்ணீர்?

தன்னுடைய மூச்சுதான் என்று பாக்கியநாதனுக்கு விளங்கியது. இத்தனை வருஷமும் அவர் பெட்டி கட்டிக் கொடுத்தது இறாலுக்கும் பாலுக்கும். இறால் மூச்சு விடாது. பால் தூங்காது, சமைக்காது, குழந்தைக்கு வெந்நீர் வைக்காது. அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். ஆட்களோடு சேர்ந்து அடுப்பும் அந்தக் காற்றைத்தான் தின்கிறது. நேற்று மெர்சி போகிறபோக்கில் சொன்னது நினைவுக்கு வந்தது: தலைய வலிச்சிக்கினே இருக்குது நைனா, பாப்பாவும் எந்நேரமும் தூங்கிக்கினே இருக்கா. குழந்தை தூங்குவது நல்லதுதானே என்று சொல்லி அவர் சிரித்திருந்தார்.

கதவை இரண்டு கையாலும் அறைந்தார். தணிகைவேல் ஓடிவந்து திறந்தபோது மேஸ்திரி அவனைத் திட்டாமல் வெளியே பாய்ந்தது அவனுக்கே பயமாக இருந்தது.

முதல் தடவை போன் அடித்து அடித்து நின்றது. இரண்டாவது தடவையும். "கர்த்தாவே, எடும்மா, எடும்மா" என்று அவர் வாய்விட்டுக் கெஞ்சினார். மூன்றாவது முறை திரையில் மெர்சியின் முகம் வந்தது, பாதி தலையணையில் புதைந்து.

"நைனா..."

"அடுப்பு எரியுதா?"

"எரியுது. இன்னிக்கு ரொம்பக் குளுரு."

"அத நிறுத்து. கதவத் தொற. ஓடிப் போய்த் தொற!"

அவள் அவரைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள். பேச்சு குழறியது. "வெளிய மைனஸ் முப்பத்தாறு நைனா. பாப்பா தூங்குது. நீதான சொன்ன, காத்து உள்ள வரக்கூடாதுன்னு."

"நான் சொன்னது தப்பும்மா! தப்பு! நைனா தப்பா சொல்லிட்டேன். எழுந்திரு மெர்சி!"

"தூக்கமா வருது. காலையில தொறக்கறேன்."

அவருக்கு ஆயுசில் வராத கோபம் அப்போது வந்தது. அவள் பேரைச் சொல்லிக் கத்தினார். சின்ன வயதில்கூடத் திட்டாத வார்த்தையில் திட்டினார். பட்டறையில் எல்லா மெஷினும் நின்று, ஆட்கள் சுற்றிக் கூடிவிட்டார்கள். மெர்சி எழுந்து உட்கார்ந்தாள். கட்டிலை விட்டுக் கால் வைத்தாள். போன் கையிலிருந்து நழுவியது. 'தொம்' என்று ஒரு சத்தம். அப்புறம் திரையில் கூரை மட்டும் தெரிந்தது. கூரையில் அவர் வெட்டச் சொன்ன ஃபோம், அதன்மேல் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் ஒட்டிய வெள்ளி டேப்.

தணிகைவேல் அவர் கையைத் தொட்டு, "மருமகன் நம்பர் சொல்லு மேஸ்திரி" என்றான். நம்பரைப் பார்க்க வேண்டுமானால் இந்த அழைப்பை விட்டு விலக வேண்டும். அவருக்கு விரல் அசையவில்லை. திரையில் கூரையையே பார்த்துக்கொண்டு, "தவழ்ந்தாவது போம்மா, தவழ்ந்தாவது போ" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஏதோ தரையில் உரசுகிற சத்தம் கேட்டது. நின்றது. மறுபடியும் கேட்டது.

பிறகு ரப்பர் விளிம்பு பிரிகிற சத்தம். புயல் அடித்த மாதிரி காற்று உள்ளே நுழைந்தது. அந்த இரைச்சலுக்கு நடுவே குழந்தை வீறிட்டு அழுதது.

பாக்கியநாதன் பட்டறைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பக்கத்து வண்டியில் இருந்த அம்மாள் அழுகைச் சத்தம் கேட்டு ஓடிவந்திருக்கிறாள். ஆம்புலன்ஸ் வந்தது. தாயையும் குழந்தையையும் ஆக்சிஜனில் வைத்துப் பிழைக்க வைத்துவிட்டார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்ததை அன்புசெல்வன் போனில் சொல்லி முடிக்க முடியாமல் அழுதான்.

இங்கே ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ரோசம்மாள் ஸ்தோத்திரக் காணிக்கை செலுத்தினாள். போதகர் பாக்கியநாதனை எழுந்து நிற்கச் சொல்லி, உலகத்தின் இந்தப் பக்கத்தில் இருந்துகொண்டு அந்தப் பக்கத்துப் பிள்ளையைக் காப்பாற்றிய தகப்பன் என்றார். சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவர் முள்மேல் நிற்பதுபோல நின்றார். வீட்டுக்கு வந்தவர்கள், எப்படித் தெரிந்தது, கனவு ஏதாவது வந்ததா என்று கேட்டார்கள். ரோசம்மாளே பதில் சொல்லிவிட்டாள், கர்த்தர் உணர்த்தினார் என்று. அவர் வாயைத் திறக்கவில்லை.

மெர்சி ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு, சிநேகிதர் வீட்டில் ஒரு அறையில் தங்கியிருந்தார்கள். அந்த மாதக் கடைசியில் காலி செய்ய வேண்டும். ஒரு நாள் காலை அன்புசெல்வனே வீடியோவில் கூப்பிட்டான். ரோசம்மாள் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

"மாமா, அந்த வண்டிய வித்தாச்சு. வேற ரெண்டு பாத்து வச்சிருக்கோம். வீடியோ அனுப்பறேன். இந்த தடவ நான் பேசவே மாட்டேன். நீங்க எத சொல்றீங்களோ அதான்."

பாக்கியநாதன் போனைக் கை மாற்றிப் பிடித்தார்.

"ஆனா மாமா, இவள நீங்க நாலு வார்த்த கேளுங்க. விஷப்புகை வந்தா கத்தற அலாரத்தோட பேட்டரிய கழட்டி வச்சிருக்கா. கூரையில காத்து போற வழி எல்லாத்தையும் அடைச்சி வச்சிருக்கா. நர்சு படிச்சவ செய்ற வேலையா இது? கூரைய கேட்டா குளிருக்குத்தான்னா, பேட்டரிய பத்தி என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல."

அவனுக்குப் பின்னால் மெர்சி குழந்தைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். முகம் இன்னும் வெளுத்துத்தான் இருந்தது. நிமிர்ந்தே பார்க்கவில்லை. "நான்தான் தெரியாம செஞ்சிட்டேன்னு சொல்லிட்டேனே. எத்தினி வாட்டி கேப்ப?"

"ஏன்டி, உனக்கு அறிவு வாணாமா?" என்று ரோசம்மாளும் பிடித்துக்கொண்டாள். "உங்க நைனா மட்டும் போன் பண்ணலன்னா இன்னா ஆயிருக்கும்? பெத்த கொழந்தைய வச்சிக்கினு யாராவது இப்படிப் பண்ணுவாங்களா?"

மெர்சி ஸ்பூனைக் கிண்ணத்தின் விளிம்பில் வழித்தாள்.

"நிறுத்து ரோசா" என்றார் பாக்கியநாதன். குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. "மாப்ள, அவ செய்யல. நான் செய்யச் சொன்னேன். பேட்டரிய கழட்டச் சொன்னது நான். ஓட்டை ஒண்ணொண்ணையும் அடைக்கச் சொன்னது நான். தலைய வலிக்குதுன்னு அவ சொன்னப்பகூட நான் சிரிச்சேன்."

ரோசம்மாளின் கை மெல்ல அவள் வாய்க்குப் போயிற்று. அன்புசெல்வன் அவரைப் பார்த்தான், திரும்பி மனைவியைப் பார்த்தான். எழுந்து போய்விட்டான். கதவு அறைகிற சத்தம் கேட்டது.

மெர்சி குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனுக்கு அருகில் வந்தாள். கண் நிறைந்திருந்தது.

"ஏன் நைனா சொன்ன? நான் கடைசி வரைக்கும் சொல்லியிருக்க மாட்டேன். உன்ன எவ்ளோ பெருமையா பேசிக்கினு இருந்தாரு தெரியுமா?"

"தெரியும்மா" என்றார். "நீ சொல்லாம இருந்தா, அவரு மறுபடியும் என்னையே கேப்பாரு. எனக்குத் தெரியாதும்மா. அந்தக் குளுரு எனக்குத் தெரியாது. அங்கியே இருக்கறவங்கள கேட்டு வாங்குங்க."

அவள் தலையாட்டினாள். ஏஞ்சலின் கஞ்சி ஒட்டிய கையால் திரையைத் தடவினாள். அதற்கப்புறம் வண்டி வீடியோக்கள் எதுவும் வரவில்லை.